லங்காஸ்டர் விழுந்தால் ஏழு பேரில் ஒருவர்தான் பிழைத்தார்: ஏன்?

கேள்வி இது: "இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் ஒரு இரவுக்கு நாலைந்து சதவீதம்தான் விழுந்தன என்கிறார்கள். அப்படியென்றால் படையில் கிட்டத்தட்ட பாதிப்பேர் செத்தது எப்படி? எல்லோரிடமும் பாராசூட் இருந்ததே, ஏன் குதிக்கவில்லை?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை வெவ்வேறு. முதலாவது கணக்கு. இரண்டாவது, லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் உள்ளே எந்த ஆள் எங்கே உட்கார்ந்திருந்தான், கதவு எங்கே இருந்தது, குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது.

பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. அதில் பிரிட்டிஷார் 38,462, கனடியர் 9,919, ஆஸ்திரேலியர் 4,050, நியூசிலாந்தினர் 1,679, போலந்துக்காரர் 929, மற்றவர்கள் 534. சிறைப்பட்டவர்கள் 9,838. காயம்பட்டவர்கள் 8,403. இந்த வரிசையை ஒரு நிமிடம் பாருங்கள். தரைப்படையில் ஒருவர் இறந்தால் இரண்டு மூன்று பேர் காயத்தோடு திரும்புவார்கள். இங்கே அது தலைகீழ். காயம்பட்டவரைவிட இறந்தவர் ஆறு மடங்குக்கும் மேல். வானத்தில் அடிபட்டவனுக்கு நடுவில் ஒரு நிலை கிடையாது.

இப்போது கணக்கு. ஒரு குழு முதல் சுற்றை முடிக்க 30 தாக்குதல்கள் பறக்க வேண்டும். ஒரு இரவுக்கு இழப்பு 5 சதவீதம் என்றால், 100 குழுக்களில் 10 இரவுகள் கழித்து மிஞ்சுவது 60. இருபதாவது இரவில் 36. முப்பதை முடிப்பது 21. இழப்பு 4 சதவீதமாகக் குறைந்தாலும் 29 குழுக்கள்தான் முடிக்கும். 2 சதவீதம் என்றால்கூட 54தான். அதற்குப் பிறகு ஆறு மாத ஓய்வு, அந்த ஓய்விலும் பயிற்சிப் பள்ளியில் புதியவர்களோடு பறக்கும் வேலை, பிறகு 20 தாக்குதல் கொண்ட இரண்டாவது சுற்று. 4 சதவீத இழப்பில் இரண்டு சுற்றையும் தாண்டுவது நூற்றுக்கு 13. சதவீதத்தை ஒரு இரவுக்குச் சொன்னால் சின்னதாகத் தெரியும். பறப்பவனுக்கு அது ஒவ்வொரு இரவும் திரும்பத் திரும்பக் கழிக்கப்படுகிற எண்.

அந்த 30 என்ற எண்ணிலும் ஒரு கொடுமை நடந்தது. 1944 வசந்தத்தில் பிரான்சில் உள்ள இலக்குகள் எளிது என்று முடிவு செய்து, அங்கே போய் வருவதை மூன்றில் ஒரு தாக்குதலாக மட்டும் கணக்கிட்டார்கள். மே 3/4 இரவில் மெய்லி-லெ-கான் என்ற ஜெர்மன் டாங்கிப் படை முகாம்மேல் போன விமானங்களில் 42 லங்காஸ்டர்கள் திரும்பவில்லை. போனதில் பதினொரு சதவீதத்துக்கும் மேல். அதன் பிறகே அந்தக் கணக்குமுறையைக் கைவிட்டார்கள்.

"இழப்பு" என்று பதிவேட்டில் எழுதியதும் முழு இழப்பு அல்ல. "காணவில்லை" என்றால் எதிரி நிலத்திலோ கடலிலோ போனது மட்டும். திரும்பி வந்து சொந்த நாட்டில் நொறுங்கியவை வேறு பத்தியில் போகும். 1943 டிசம்பர் 16/17 பெர்லின் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். போனவை 483 லங்காஸ்டர்கள். காணாமல் போனவை 25, அதாவது 5.2 சதவீதம். ஆனால் விடியற்காலையில் இங்கிலாந்து முழுக்க மூடுபனி. எரிபொருள் தீரும்வரை சுற்றிச் சுற்றி ஓடுதளம் தேடி, மேலும் 29 லங்காஸ்டர்கள் மோதியோ, ஆட்கள் குதித்துக் கைவிட்டோ அழிந்தன. சேர்த்துப் பார்த்தால் 11 சதவீதம். பயிற்சி விமானங்களில் இறந்தவர்களைத் தனியாக எண்ணினால் எட்டாயிரம் அளவுக்கு வரும். இவர்களில் பலர் ஜெர்மனியின் எல்லையைக்கூடப் பார்த்ததில்லை.

இனி இரண்டாவது கேள்வி. இதில்தான் மனசு அடித்துக்கொள்ளும்.

லங்காஸ்டரில் ஏழு பேர். மூக்கில் குண்டுவீச்சாளர் குப்புறப் படுத்திருப்பார். மேலே இடப்பக்கம் பைலட், அவர் பக்கத்தில் ஃபிளைட் இன்ஜினியர். துணைப் பைலட் கிடையாது. பைலட்டுக்குப் பின்னால் திரைச்சீலை போட்ட மேசையில் வழி கணிக்கும் நேவிகேட்டர், அடுத்து வயர்லெஸ் ஆபரேட்டர். அதற்குப் பிறகு இறக்கையின் இரண்டு பெரிய உத்திரங்கள் விமானத்தின் உடலைக் குறுக்கே அடைத்துக்கொண்டு போகும். அதைத் தாண்டி நடு மேல், சுழலும் துப்பாக்கிக் கூண்டில், சுடுபவரான ஒரு கன்னர். கடைசியில், வாலுக்கும் பின்னே, தனியாக வால் கன்னர்.

குதிப்பதற்கென்று முறையாக இருந்த வழி மூக்கின் தரையில் உள்ள ஒரு மூடி. அகலம் 22 அங்குலம், நீளம் 26.5 அங்குலம். குண்டுவீச்சாளர் படுத்திருப்பது அந்த மூடியின் மேலேதான். உத்தரவு வந்ததும் அவர் மெத்தையைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைத் திருப்பி, மூடியை உள்பக்கமாக இழுத்து, சரித்து, அதே ஓட்டை வழியாக வெளியே தள்ள வேண்டும். காற்று வேகத்தில் மூடி குறுக்கே சிக்கிக்கொள்வதும் உண்டு. பிறகு அவர், அடுத்து இன்ஜினியர், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், கடைசியில் பைலட். மார்பில் பாராசூட் பொதி, உடம்பில் கம்பளி லைனிங் வைத்த உடை, மேலே மிதவைச் சட்டை. இத்தனையோடு 22 அங்குலத்துக்குள் நுழைய வேண்டும். ஆக்சிஜன் குழாயையும் இன்டர்காம் கம்பியையும் கழற்ற மறந்தவர் கழுத்து இழுபட்டுத் தொங்குவார். இருபதாயிரம் அடியில் ஆக்சிஜனைக் கழற்றினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

பைலட் தவிர மற்றவர்கள் பொதியை உடம்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, வேலை செய்ய இடைஞ்சல். அதனால் பொதி பக்கத்துக் கொக்கியில் தொங்கும். தீ பிடித்து, விளக்கு அணைந்து, விமானம் சாயும்போது இருட்டில் அதைத் தடவி எடுத்து மார்பிலுள்ள இரண்டு கொக்கிகளிலும் மாட்ட வேண்டும்.

வால் கன்னரின் நிலை இன்னும் மோசம். அவருடைய கூண்டுக்குள் பொதிக்கு இடமே இல்லை. அது கூண்டுக்கு வெளியே, விமான உடலின் உள்ளே இருக்கும். அவர் முதலில் கூண்டை நேர்ப்பின்பக்கமாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் உள்ள கதவுகளைத் திறந்து, கையை நீட்டிப் பொதியை எடுத்து மாட்டி, மீண்டும் கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, கதவு வழியாக முதுகுப்புறமாக வெளியே விழ வேண்டும். அந்தக் கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் அழுத்தம் இடது வெளி இன்ஜினிலிருந்து வருகிறது. அந்த இன்ஜின் நின்றால் கைப்பிடியைச் சுற்றித்தான் திருப்ப வேண்டும். நடு கன்னர் முன்மூடிக்கு வர இரண்டு உத்திரங்களையும் ஏறித் தாண்ட வேண்டும். பின்பக்கம் வலதில் ஒரு கதவு இருந்தது, ஆனால் அதில் குதித்தால் வால் இறக்கையில் மோதும் ஆபத்து. அதனால் அதை உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள்.

பைலட்டின் கடமை எல்லோரும் போகும்வரை விமானத்தை நேராகப் பிடிப்பது. கையை எடுத்தால் விமானம் கவிழும். கவிழ்ந்து சுழல ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருப்பவர்களைச் சுவரோடு அப்பிவிடும், விரலைக்கூடத் தூக்க முடியாது.

இத்தனைக்கும் எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதுதான் கேள்வி. அதற்கு இரவுப் போர்விமானங்கள் எப்படிச் சுட்டன என்று தெரிய வேண்டும்.

1943 நடுப்பகுதியிலிருந்து ஜெர்மானியர் மெசர்ஷ்மிட் 110, பிறகு யுங்கர்ஸ் 88 விமானங்களின் முதுகில் 20 மி.மீ. பீரங்கிகளை மேல்நோக்கிச் சாய்வாகப் பொருத்தினார்கள். ஷ்ரேகெ மூசிக் என்று பெயர், "சாய்ந்த இசை". அவர்களுடைய பேச்சுவழக்கில் ஜாஸ் இசையைக் குறிக்கும் சொல். ராடார் வழிகாட்டப் பின்னாலிருந்து தாழ்வாக வந்து, குண்டுவீச்சு விமானத்தின் நேர் அடியில், வேகத்தைச் சரியாகப் பொருத்திக்கொண்டு, எழுபது எண்பது மீட்டர் இடைவெளியில் மிதப்பார்கள். மேலே பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தில் லங்காஸ்டரின் உருவம் கறுப்பாகத் தெரியும். லங்காஸ்டரின் வயிற்றுக்கு நேர் அடியில் இருப்பதைப் பார்க்க ஜன்னல் இல்லை. வயிற்றில் துப்பாக்கி வைக்க வேண்டிய இடத்தை தரையைக் காட்டும் எச்2எஸ் ராடாரின் கூம்பு பிடித்துக்கொண்டது. ஏழு பேரும் முன்னே, பக்கவாட்டில், மேலே, பின்னே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு கீழே இருந்து வந்தது.

வயிற்றை நோக்கிச் சுட்டால் உள்ளே 4,000 பவுண்டு குண்டு வெடித்துத் தானும் போய்விடுவான். அதனால் குறி இறக்கை. லங்காஸ்டரின் எரிபொருள் மொத்தமும் இறக்கையில்தான்: ஒவ்வொரு பக்கமும் மூன்று தொட்டிகள், 580, 383, 114 காலன். இரண்டு பக்கமும் சேர்த்து 2,154 காலன். இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே உள்ள இரண்டாவது தொட்டியில் சில குண்டுகள் போதும். தானாக அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறை துப்பாக்கிக் குண்டுக்குத் தாங்கும், வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குத் தாங்காது. ஒளிக்கோடு விடாத குண்டுகளையே பயன்படுத்தியதால் பக்கத்தில் பறந்தவர்களுக்குக்கூட எங்கிருந்து சுட்டான் என்று தெரியவில்லை. தீ உத்திரத்தைத் தின்று இறக்கை முறியும் வரைக்கும்தான் நேரம். சில விமானங்களுக்கு நிமிடங்கள், பலவற்றுக்கு அதுவும் இல்லை.

பிரிட்டிஷ் குழுக்கள் பார்த்தது என்னவென்றால், திடீரென்று இருட்டில் ஒரு பெரிய நெருப்புக்கோளம். ஜெர்மானியர் நம்மைப் பயமுறுத்த, விமானம் வெடிப்பதுபோலத் தெரியும் ஒரு போலிக் குண்டைச் சுடுகிறார்கள் என்று நம்பினார்கள். அதற்கு "சோளக்கொல்லைப் பொம்மை" என்ற பொருளில் ஸ்கேர்குரோ என்று பெயரும் வைத்தார்கள். அப்படி ஒரு குண்டு இருந்ததே இல்லை. அவர்கள் பார்த்த ஒவ்வொன்றும் ஏழு பேரோடு வெடித்த ஒரு விமானம்.

கார்க்ஸ்க்ரூ என்ற தப்பும் முறை எல்லோருக்கும் கற்பிக்கப்பட்டது: கன்னர் கத்தியவுடன் எதிரி வரும் பக்கமாகச் சாய்ந்து செங்குத்தாக இறங்கி, மறுபக்கம் உருண்டு, ஏறி, மீண்டும் உருள்வது. நல்ல முறை. எதிரியைப் பார்த்தால்தான் உதவும்.

ஹை விக்கமில் இருந்த தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவில் அப்போது இருபது வயதைத் தொட்ட ஃப்ரீமன் டைசன் வேலை செய்தார், பிற்காலத்தில் பெரிய இயற்பியலாளர். 1944இல் அவர் கணக்குப் பார்த்தபோது, முப்பதாவது தாக்குதலுக்குப் போகும் குழுவும் புதுக்குழுவும் ஒரே விகிதத்தில் விழுந்துகொண்டிருந்தன. முதல் சில தாக்குதல்களைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் (விமானப் படைப்பிரிவிலும்) சொல்லப்பட்டது. எண்கள் அதை ஆதரிக்கவில்லை. அடி பார்க்க முடியாத இடத்திலிருந்து வரும்போது அனுபவம் எதைப் பார்க்கும்?

குதித்துப் பிழைத்தவர்களின் விகிதமும் அந்தப் பிரிவிடம் இருந்தது. டைசன் சொன்ன எண்கள்: பகலில் பறந்த அமெரிக்க விமானங்களில் சுமார் 50 சதவீதம், பிரிட்டனின் மற்ற குண்டுவீச்சு விமானங்களான ஹாலிஃபாக்ஸ், ஸ்டெர்லிங்கில் சுமார் 25, லங்காஸ்டரில் சுமார் 15. இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. விழாமல் திரும்பி வருவதில் லங்காஸ்டர்தான் சிறந்தது. அதிக உயரம், அதிக சுமை, குறைந்த இழப்பு. 1944 பிப்ரவரி 19/20 லைப்சிக் தாக்குதலில் போன 823இல் 78 விழுந்தபோது, பழைய வகை ஹாலிஃபாக்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்புவதையே நிறுத்தினார்கள். ஆனால் விழுந்துவிட்டால் லங்காஸ்டரைவிட ஹாலிஃபாக்ஸில் இருப்பது மேல்.

இதற்குக் காரணம் மூடியின் அகலம் மட்டும் என்று பலர் எழுதுகிறார்கள். ஹாலிஃபாக்ஸின் மூடி 24 அங்குலம், லங்காஸ்டரைவிட இரண்டு அங்குலம் அதிகம். அது முக்கியம்தான், அதை அகலப்படுத்தச் சொல்லி அந்த ஆய்வுப் பிரிவிலேயே ஒருவர் போராடினார், பலன் கிடைக்கும் முன் போர் முடிந்துவிட்டது. ஆனால் என் கணிப்பில் உட்காரும் இடமும் அதே அளவு முக்கியம். ஹாலிஃபாக்ஸில் நேவிகேட்டர், குண்டுவீச்சாளர், வயர்லெஸ் ஆபரேட்டர் மூவரும் பைலட்டுக்குக் கீழேயும் முன்னேயும் மூக்கிலேயே இருப்பார்கள். மூடி நேவிகேட்டரின் இருக்கைக்கு அடியில். மூவருக்கும் இரண்டு எட்டு தூரம். லங்காஸ்டரில் அந்த மூவரில் இருவர் பைலட்டுக்குப் பின்னால் இருந்து, அவரைத் தாண்டி, படியிறங்கி வர வேண்டும்.

ஹாலிஃபாக்ஸ் என்றதும் நம் ஊர்த் தொடர்பு ஒன்று. அந்த விமானத்தை முதலில் பெற்ற 35ஆம் ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் "மதராஸ் பிரெசிடென்சி" ஸ்குவாட்ரன். அதன் டபிள்யூ1048 விமானம் 1942 ஏப்ரல் 27 இரவில் நார்வேயில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய் அடிபட்டது. பைலட் அதை ஹொக்லிங்கன் ஏரியின் பனிக்கட்டிமேல் இறக்கினார். கணுக்கால் உடைந்த இன்ஜினியர் சிறைப்பட, மற்றவர்கள் நடந்தே சுவீடனை அடைந்தார்கள். பனி உடைந்து விமானம் ஏரிக்குள் போயிற்று. 1973இல் எடுத்தார்கள். இன்று லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில், மீட்டெடுத்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு விமானத்தின் உட்புறம் எவ்வளவு குறுகல் என்று நேரில் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மின்னணுப் போட்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943 ஜூலை 24/25 ஹாம்பர்க் தாக்குதலில் முதல்முறையாக "வின்டோ" என்ற 27 செ.மீ. நீள அலுமினியத் தாள் கீற்றுகளைக் கொட்டினார்கள். ஜெர்மானியரின் வுர்ஸ்பர்க் ராடார் அலைநீளத்தில் அது பாதி. திரை முழுக்கப் பொய் எதிரொலி. 791 விமானங்களில் 12 மட்டுமே விழுந்தன. பிறகு ஜெர்மானியர் வேறு அலைநீளத்தில் எஸ்என்-2 ராடாரைக் கொண்டுவந்தார்கள், கீற்றுகள் பயனற்றுப்போயின. அதைவிடக் கொடியது: பின்னால் வருபவனை எச்சரிக்க லங்காஸ்டர் வாலில் வைத்த மோனிகா ராடாரின் அலையையே பிடித்து வரும் கருவி ஜெர்மானியரிடம் இருந்தது. 1944 ஜூலை 13 அன்று ஒரு யுங்கர்ஸ் 88 வழிதவறி இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜில் இறங்கியபோதுதான் இது தெரிந்தது. காக்க வைத்த கருவி அதுவரை காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. உடனே எல்லா விமானங்களிலிருந்தும் கழற்றினார்கள்.

எல்லாம் ஒரே இரவில் கூடிவந்தது 1944 மார்ச் 30/31 நூரம்பர்க். போனவை 795. திரும்பாதவை 95: 64 லங்காஸ்டர், 31 ஹாலிஃபாக்ஸ். அரைநிலா வெளிச்சம். வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த உயரத்திலேயே இன்ஜின் புகை வெண்கோடாக உறைந்தது. பாதையில் 265 மைல் வளைவே இல்லாத நேர்கோடு, அதுவும் போர்விமானங்கள் கூடும் இரண்டு சமிக்ஞைக் கம்பங்களின் பக்கத்தில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடிய தவறு.

குறிப்பிட்ட ஒரு குழுவைத் தேடுபவர்களுக்கு, தவறாமல் குழப்பும் விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தேதியை எப்போதும் இரண்டு நாளாகத் தேடுங்கள். கிளம்பியது 30, விழுந்தது 31 என்றால் கல்லறையில் எது பொறிக்கப்பட்டிருக்கும் என்று உறுதியில்லை. பெயரைவிடப் படைஎண் நம்பகமானது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 வரிசையில் ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் உள்ளன: 540ஆம் படிவம் அன்றாடச் சுருக்கம், 541ஆம் படிவத்தில்தான் விமான எண், குழுவின் பெயர்கள், கிளம்பிய நேரம். திரும்பாத விமானத்துக்கு எதிரே பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: கிளம்பிய பின் எந்தத் தகவலும் இல்லை. தட்டச்சில் விமான எண் ஒரு இலக்கம் மாறியிருப்பது சாதாரணம், வேறொரு பதிவோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இணையப் பட்டியல் தொடங்க நல்ல இடம்.

கல்லறை விழுந்த இடத்தில் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஜெர்மனியில் கிராமத்துக் கிராமம் புதைக்கப்பட்டவர்களைப் போருக்குப் பின் எடுத்து, ரைக்ஸ்வால்ட், ரைன்பெர்க், டுர்ன்பாக், பெர்லின் போன்ற பெரிய கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள். நெதர்லாந்து, டென்மார்க், பிரான்சில் பலர் இன்னும் அந்தந்த ஊர்த் தேவாலய வளாகத்திலேயே. அடையாளம் கண்டவர்கள் விமானப்படையின் காணாமல்போனோர் தேடல் பிரிவினர். கழுத்தில் அணிந்த அடையாள வில்லைகள் அழுத்திய நாரால் செய்தவை, தீயில் எரிந்துவிடும். அதனால் சட்டைக் காலரில் சலவைக்காரர் போட்ட குறி, மோதிரத்தின் உட்புற எழுத்து, துப்பாக்கியிலும் இன்ஜினிலும் பொறித்த தொடர் எண், இவற்றைக் கொண்டு முதலில் விமானத்தை, அதிலிருந்து ஆட்களைக் கண்டுபிடித்தார்கள். ஏழில் மூவரை மட்டும் பிரித்தறிய முடிந்தால் மற்ற நால்வருக்கும் கூட்டுக் கல்லறை. அப்படிப்பட்ட இடத்தில் கற்களை ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாக நட்டிருப்பார்கள்.

எதுவும் கிடைக்காதவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் ரனிமீட் நினைவிடத்தில் உள்ளன. விமானப்படைகளின் எல்லாப் பிரிவினரும் சேர்ந்து இருபதாயிரத்துக்கும் மேல். அந்தப் பட்டியல் இப்போதும் குறைகிறது. நெதர்லாந்தின் மார்க்கர்மேர் ஏரியிலிருந்து 2020இல் ஒரு ஸ்டெர்லிங் விமானத்தை எடுத்தார்கள். முதலில் அதை பிகே710 என்று நினைத்திருந்தார்கள். பெயரெழுத்துகள் பொறித்த ஒரு சிகரெட் பெட்டி சேற்றிலிருந்து வந்தபோது, அது 1943 மார்ச்சில் பெர்லின் போய்த் திரும்பாத பிகே716 என்று தெரிந்தது.